காதுக்குள் ஒரு கண்டக்டர்

கியரைப் பற்றியோ டயரைப் பற்றியோ நான் உங்களிடம் பேசப்போவதில்லை. அதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லித்தர இந்த ஷெட்டிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். லாரிப் பந்தயத்துக்கு இந்த வருஷம் தேர்வாகியிருக்கும் உங்களில் பாதிப் பேர் கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆட்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு பெண்களும் இருக்கிறீர்கள். ரொம்பச் சந்தோஷம். முட்டி வலிப்பதால் உட்கார்ந்துகொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் சொல்லப்போவது என் மச்சான் ராபர்ட்டைப் பற்றி. அவன் ஒரு நாளும் பந்தய லாரியில் ஏறியதில்லை. ஆனால் அவன் இல்லாமல் நான் ஒரு பந்தயத்தையும் உருப்படியாக முடித்ததில்லை.

எனக்குச் சொந்த ஊர் கம்மாபுரம். முதலில் சுரங்கத்துப் பக்கம் டிப்பர் ஓட்டினேன். பிறகு கடலூரில் ஒரு முதலாளியிடம் சேர்ந்து வடக்கே லாரி ஓட்டினேன். ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார். "நம்ம வண்டிங்கள்ல நீ ஒருத்தன்தான்யா எங்கயும் இடிக்காம வந்துருக்க. சென்னைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓட்டிக் காட்டணுமாம். போய்ட்டு வா" என்றார். டிரைவர்களுக்கு அவ்வப்போது கண் பரிசோதனை முகாம் நடக்குமே, அந்த மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து, பழைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால் பந்தயத் தடம். என்னை மாதிரியே பல ஊர் லாரி டிரைவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். எங்களைச் சோதித்தவர் கோயம்புத்தூர்க்காரப் பெண்மணி. கார்ப் பந்தயம் ஓட்டிப் பேர் வாங்கியவர். என்னைவிட வயதில் சின்னவர். "அண்ணா, சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க" என்று என்னை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நன்றாகத்தான் ஓட்டினேன் என்று நினைத்தேன். இறங்கியதும் அவர் சிரித்துவிட்டார்.

"அண்ணா, ஸ்டீரிங் நடுவுல எதைத் தேடறீங்க?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் கட்டை விரல் ஹாரனைத் தேடியிருக்கிறது. பந்தய லாரியில் ஹாரன் கிடையாது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் ஹாரன் இல்லாமல் வண்டி எடுக்கச் சொன்னால் நம்மில் யார் எடுப்போம்?

"ரோட்டுல நீங்க சத்தம் குடுத்தா மத்தவங்க ஒதுங்குவாங்க. இங்க யாருமே ஒதுங்க மாட்டாங்கண்ணா. யாரு எங்க இருக்காங்கன்னு நீங்கதான் தெரிஞ்சுக்கணும்" என்றார். தேர்வான பிறகும் அந்த விரலை அடக்க எனக்கு வெகுநாள் ஆனது.

யார் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் நம் தொழிலில் பெரிய பிரச்சினை. உங்கள் வண்டியின் இடது பின்பக்கத்தில் இன்னொரு லாரி ஒட்டிக்கொண்டு வந்தால் கண்ணாடியில் தெரியாது. அதனால்தான் டவரின் மேல் ஓர் ஆளை நிறுத்துகிறார்கள். அவர் தடம் முழுவதையும் பார்த்து ரேடியோவில் சொல்லுவார்; ஹெல்மெட்டுக்குள் நமக்குக் கேட்கும். எனக்கு முதலில் கிடைத்தவர் பம்பாய்க்காரர். நல்ல மனிதர். ஆங்கிலத்தில் படபடவென்று சொல்லுவார். அவர் சொன்னதை நான் மனதுக்குள் தமிழாக்கி முடிப்பதற்குள், அவர் காட்டிய இடைவெளியில் வேறொருவன் நுழைந்து போயிருப்பான். முதல் சீசனின் ஆரம்பப் பந்தயங்களில் நான் கடைசி வரிசையைவிட்டு நகரவே இல்லை.

எங்களைச் சோதித்த அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்மணிதான் எங்களுக்குக் கோச்சும். கோச் அம்மா கேட்டார்: "யாரு சொன்னா யோசிக்காம அப்படியே செய்வீங்க?"

"என் சம்சாரம் சொன்னா செய்வேன்" என்றேன் விளையாட்டாக. அந்தம்மா உடனே என் போனை வாங்கி ஸ்டெல்லாவுக்கே போட்டுவிட்டார். ஸ்டெல்லா சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

"டவர்ல ஏறி நிக்கறதா? எனக்கு டியூட்டி இருக்கும்மா. என் தம்பி ஒருத்தன் இருக்கான். காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ல கண்டக்டர். பின்னாலருந்து டிரைவருக்குச் சொல்றதுதான் அவன் வேலையே. அவனை வேணா கூப்ட்டுக்குங்க."

அப்படித்தான் ராபர்ட் வந்தான். லீவு போட்டுவிட்டு வந்தவன், பழக்கதோஷத்தில் விசிலையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். முதல் நாள் நான் தடத்துக்குள் நுழைந்ததும் மைக்கில் வாயை வைத்து இரண்டு விசில் கொடுத்தான். அன்று முழுக்க எனக்கு வலது காது கேட்கவில்லை. கோச் அம்மா விசிலைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆனால் அவன் பேச்சு எனக்கு அப்படியே கைக்கு வந்தது. தடத்தின் வளைவுகளுக்கு இருந்த ஆங்கிலப் பெயர்கள் அவன் வாயில் நுழையவில்லை. தன் ரூட்டில் உள்ள ஊர்களின் பெயர்களையே வைத்துவிட்டான். முதல் வளைவு லால்பேட்டை. குறுகலாக வருகிற வளைவு குமராட்சி. நீளமான நேர்ப்பாதைக்கு ஏரிக்கரை என்று பெயர். முடிவுக்கோடு சிதம்பரம்.

"மாமா, குமராட்சில ஒருத்தன் தடுமாறிக்கினு நிக்கிறான். உள்பக்கமா ஏறு. ஏறிட்டியா? ரைட்டு. அடுத்து ஏரிக்கரை, மிதி!"

யோசிக்கவே வேண்டாம். அவன் வாயிலிருந்து வரும்போதே என் கால் அழுத்தியிருக்கும். எங்களுக்குக் கடும் போட்டியாக இருந்தவர் பல்பீர் என்ற பஞ்சாப்காரர். தாடிக்குமேல் ஹெல்மெட் போடுவதற்கு அவர் படும் பாட்டைப் பார்க்கவே கூட்டம் கூடும். அவருடைய ஆட்கள் எங்கள் ரேடியோவை ஒட்டுக்கேட்டு, லால்பேட்டை என்றால் என்ன ரகசியம் என்று ஒரு தமிழ் மெக்கானிக்கைப் பிடித்து விசாரித்திருக்கிறார்கள். "அங்க பிரியாணி நல்லாருக்கும்" என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இனி வருவதைக் கவனமாகக் கேளுங்கள்.

இரண்டாவது சீசனில் நாங்கள் முன்வரிசைக்கு வந்துவிட்டோம். ஒரு பந்தயத்தில் மூன்று லாரிகள் சேர்ந்தாற்போல் லால்பேட்டை வளைவுக்குள் நுழைகிறோம். எனக்கு இடது பக்கம் ஒதுங்கியாக வேண்டும்.

"மச்சான், லெப்ட்டு?"

"காலி மாமா, போ!"

திருப்பினேன். காலியில்லை. பல்பீரின் லாரி அங்கே இருந்தது. இடித்த வேகத்தில் என் வண்டி சுழன்று, டயர் அடுக்கில் ஏறி, பக்கவாட்டில் படுத்துவிட்டது. பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த எனக்கு முதலில் கேட்டது ராபர்ட்டின் குரல். "மாமா, மாமா, மாமா." வேறு ஒரு வார்த்தையும் வரவில்லை. தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. மற்றபடி ஆள் முழுசாக வந்துவிட்டேன்.

ராபர்ட் ஆஸ்பத்திரிக்கு வந்தான். வாசலோடு நின்றுவிட்டுப் போய்விட்டான். பிறகு போனை எடுக்கவே இல்லை. பழையபடி பஸ்ஸில் ஏறிவிட்டான் என்று தெரிந்தது. கோச் அம்மா வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் ஸ்டெல்லா என் தோள்கட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "எலும்பு தானா சேந்துடும். நீங்க ரெண்டு பேரும் சேர்றதுக்கு என்னால கட்டுப் போட முடியாது. நீங்களே போய்ப் பேசுங்க."

போனை எடுக்காதவனை எங்கே பிடிப்பது? ஓடுகிற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கிப் போக முடியாதல்லவா? ஒரு காலையில் காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டில் கட்டுப் போட்டுத் தொங்கவிட்ட கையோடு அவன் பஸ்ஸில் ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். என்னைப் பார்த்ததும் அவன் பின்பக்கமாகவே டிக்கெட் போட ஆரம்பித்தான். லால்பேட்டை தாண்டியும் முன்னால் வரவில்லை.

"மச்சான், நான் டிக்கெட் வாங்கல" என்று சத்தமாகச் சொன்னேன். "செக்கர் ஏறுனா உனக்குத்தான் வம்பு."

வந்தான். தலையைத் தூக்காமல் டிக்கெட்டைக் கிழித்தான்.

"எதுக்கு மாமா வந்த? நான் சொன்னத நம்பித்தான நீ திருப்புன. உன்னைக் கொன்னுருப்பேன். அக்கா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

"அத உடு. நான் ஒண்ணு கேக்குறேன், நேராச் சொல்லு. அன்னிக்கு லெப்ட்டுல நீ என்னா பாத்த?"

"ஒண்ணும் பாக்கல. எனக்கும் அந்த எடத்துக்கும் நடுவுல ஒரு வண்டி வந்து மறைச்சிடுச்சு. யாரும் கண்ல படல. அதான் காலின்னு…" சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டான்.

பஸ் ஏதோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. தோள்பட்டையில் உயிர் போனது. பின்னாலிருந்து அரிசி மூட்டைக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார்: "ஏம்ப்பா கண்டக்டரு, டிக்கெட்டு குடுப்பியா, பஞ்சாயத்து நடத்துவியா? குமராட்சி வந்தா எனக்கு எறங்கணும்!"

"கொஞ்சம் இருங்க பெரியவரே, இவன்தான் எனக்குக் கண்ணு" என்றேன்.

"கண்டக்டரா? எனக்கு மீதிச் சில்லறையே இன்னும் வரல" என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. ராபர்ட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். அதுவரை எங்களிடம் இரண்டு பதில்கள்தான் இருந்தன: 'இருக்கான்', 'காலி'. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தோம்: 'தெரியல'. கண்ணுக்கு யாரும் படவில்லை என்பது வேறு. அங்கே யாரும் இல்லை என்பது வேறு. கேள்வி வந்ததும் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும் என்ற அவசரத்தில் அன்று இரண்டும் ஒன்றாகிவிட்டன. பரபரப்பில் இருக்கும் மனிதனுக்குத் தெரியவில்லை என்று சொல்வதுதான் ரொம்பக் கஷ்டம். நான் ஓட்டிய காலத்தில் வண்டிகள் உருண்டதற்குப் பாதிக் காரணம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட்டதுதான் என்பது என் எண்ணம்.

கோச் அம்மாவிடம், ராபர்ட் இல்லாமல் நான் ஓட்ட மாட்டேன் என்று சொன்னேன். "சரிங்கண்ணா. ஆனா 'தெரியல'ன்னு அவரு சொன்னா, நீங்க கோவப்படக் கூடாது. கோவப்பட்டீங்கன்னா அடுத்த தடவை அவரு சொல்ல மாட்டாரு" என்றார். இந்தத் தொழிலில் நான் கேட்ட மிக நல்ல பேச்சு அதுதான். அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதனால் சொல்லவில்லை.

அடுத்த சீசனின் கடைசிப் பந்தயம். வெயில் கொளுத்துகிறது. முதலில் ஒரு புனேக்காரர், அடுத்து பல்பீர், மூன்றாவதாக நான். எனக்குப் பின்னால் ஒரு கூட்டமே வருகிறது. ஏரிக்கரையில் முழு வேகத்தில் போகும்போது புனேக்காரரின் இஞ்சின் வெடித்தது. வெள்ளைப் புகை தடத்தின் குறுக்கே சுவர் மாதிரி எழுந்து நின்றது. பல்பீர் அதற்குள் போய் மறைந்துவிட்டார். அடுத்து நான்.

அந்த நேரத்தில் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். போனால் பின்னால் வருகிறவர்கள் உங்கள்மேல் ஏறிவிடுவார்கள். போகாமல் உள்ளே புகுந்தால் எதில் மோதுவோம் என்று தெரியாது.

"மச்சான்!"

"மாமா, உள்ள என்னா இருக்குன்னு தெரியல." அவன் குரல் நடுங்கவே இல்லை. "ஆனா ரெண்டு வண்டி உள்ள போச்சு. ஒண்ணுதான் வெளில வந்துருக்கு."

"எந்தப் பக்கமா?"

"ரைட்டு ஓரமா."

அது போதுமாயிருந்தது. ஒன்று வெளியே வரவில்லை என்றால் உள்ளே நிற்கிறது. ஒன்று வலது ஓரமாக வந்திருக்கிறது என்றால் அங்கே வழி இருக்கிறது. காலைத் தளர்த்தி, வலது ஓரத்தை ஒட்டி உள்ளே நுழைந்தேன். கண்ணுக்கு முன்னால் பாலைக் கொட்டின மாதிரி வெள்ளை. அதற்குள்ளிருந்து பல்பீரின் லாரி வந்தது. வந்தது என்றா சொன்னேன், அது குறுக்கே நின்றுகொண்டிருந்தது. என் இடது கண்ணாடி அதில் உரசிப் பறந்தது. அவர் முகம்கூட ஒரு நொடி தெரிந்தது. பெல்ட்டோடு போராடிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்துவிட்டேன். எனக்கு முன்னால் யாருமே இல்லை. புனேக்காரர் புல்லில் ஒதுங்கி நிற்கிறார். வாழ்க்கையில் முதல் முறையாக நான்தான் முதல் ஆள்.

"மச்சான், சர்தார் உள்ள குறுக்க நிக்கிறாரு! எறங்கல! ரைட்டுல மட்டும்தான் வழி. எல்லாருக்கும் சொல்லு!"

டவரில் அவனோடு மற்ற டீம்களின் ஆட்களும் வரிசையாக நின்றார்கள். பெங்காலி, மராத்தி, பஞ்சாபி என்று ஆளுக்கொரு பாஷை. ராபர்ட்டுக்குத் தெரிந்த இந்தி ஒரு கைப்பிடி. சர்தார் உள்ளே, வண்டி நிற்கிறது, எல்லோரும் வலது பக்கம் என்பதைக் கூட்ட பஸ்ஸில் கடைசிப்படி வரை கேட்கிற குரலில் கத்தினான்: "சர்தார் அந்தர்! காடி கடா! ரைட், ரைட், சப் ரைட்!" எல்லோரும் திரும்பினார்கள், எல்லோரும் தங்கள் டிரைவர்களுக்குச் சொன்னார்கள். புகைக்குள் நுழைந்த ஒவ்வொரு லாரியும் வலது ஓரமாக வரிசையாக வெளியே வந்தது, பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்புவது போல. பிறகுதான் பந்தயத்தை நிறுத்தச் சிவப்புக் கொடி காட்டினார்கள். பல்பீர் புகையிலிருந்து இருமிக்கொண்டே நடந்து வந்தார்.

பந்தயத்தைத் திரும்பவும் தொடங்கினார்கள். நான் நான்காவதாகத்தான் வந்தேன். பல்பீர் அதையெல்லாம் கேட்கவில்லை. நேரே டவருக்குப் போய் ராபர்ட்டைக் குழந்தையைப் போலத் தூக்கிச் சுற்றினார். ராபர்ட் பயந்துபோய், "மாமா, எறக்கிவிடச் சொல்லு, தலைய சுத்துது" என்று ரேடியோவில் அலறினான். அந்த வருஷம் பல்பீர் ஊரிலிருந்து ஒரு பெரிய டின் நெய் வந்தது. எனக்கு இல்லை, ராபர்ட்டுக்கு. நாங்கள் அவருக்குப் பண்ருட்டிப் பலாப்பழம் அனுப்பினோம். அது போய்ச் சேர்வதற்குள் பார்சல் ஆபீஸ் முழுக்க மணந்து, யாரோ திறந்து பாதியைச் சாப்பிட்டுவிட்டார்களாம்.

அதற்குப் பிறகு சில பந்தயங்களில் ஜெயிக்கவும் செய்தோம். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஜெயித்த அன்று எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான்.

நான் பந்தயம் ஓட்டுவதை நிறுத்தியதற்கும் ராபர்ட்தான் காரணம். கடந்த சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு பயிற்சி நாள். மதியம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். லால்பேட்டைல நீ சீக்கிரமாவே பிரேக் புடிக்கிற."

"வெயில்டா. டயர் வழுக்குது."

"மழையிலயும் அப்பிடித்தான். போன சீசன்லருந்தே பாத்துக்கினு வர்றேன். பயந்துக்கினு புடிக்கிறது இல்ல. உனக்குக் கண்ணுக்கும் காலுக்கும் நடுவுல கொஞ்சம் லேட்டாவுது. அது உனக்கே தெரிஞ்சுதான் முன்னாடியே புடிக்கிற."

எனக்குச் சுர்ரென்று வந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். சாயங்காலம் வரை அவனோடு பேசவில்லை. ஆனால் மறுபடி தடத்தில் இறங்கியபோது என் காலை நானே கவனித்தேன். அவன் சொன்னது சரி. அந்த சீசனின் முதல் பந்தயமே என் கடைசிப் பந்தயம் என்று கோச் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

அந்தப் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தேன். கௌரவமான இடம்தான். வண்டியை ஷெட் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி இஞ்சினை அணைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்ற மனம் வரவில்லை. வெளியே ஸ்டெல்லா நின்று கையாட்டினாள்; சிதம்பரத்திலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் வஞ்சிரக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். நான் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

ரேடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, எறங்கு. அக்கா சாப்பாடு கொண்டாந்துருக்கு. ஆறிடும்."

"கொஞ்ச நேரம் இருடா மச்சான்."

ஏதாவது கிண்டலாகச் சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். மற்ற டீம்களின் ஆட்கள் எல்லாம் இறங்கிப் போய்விட்டார்கள். முன்கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்த்தேன். வெயிலில் டவரின் மேல் அவன் ஒருத்தன் மட்டும் தெரிந்தான்.

"சரி மாமா" என்றான். "நீ எறங்குற வரைக்கும் நானும் இங்கயே நிக்கிறேன்."